நல்ல சத்தமுள்ள போன்

6 ஜனவரி 2025, திங்கள்

என் போன் செத்துக்கொண்டிருக்கிறது. வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. படம் தெரிகிறது, விரலுக்கு ஓடுகிறது, சார்ஜும் சாயங்காலம் வரை நிற்கிறது. பேசுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இன்று வேப்பூரிலிருந்து ஒருவர் மக்காச்சோளம் அடிக்க மிஷின் வேண்டும் என்று கூப்பிட்டார். எத்தனை ஏக்கர் என்று நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை கேட்டதும் வேறு மிஷினைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஸ்பீக்கர் ஓட்டையில் சோளத் தூசி அடைத்திருக்கும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு என் வீட்டுக்காரி கலையரசியின் ஹேர்பின். பிறகு வாயை வைத்து ஊதினேன். கலையரசி கையில் துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "என் போன்ல பேசிப் பாருங்க" என்று தன்னுடையதைக் கொடுத்தாள். அதிலும் கிணறுதான். ஒரே கம்பெனியில் இரண்டு போன் வாங்கியது என் தப்பு.

புதுப் போன் வாங்கப் போகிறேன். இந்தத் தடவை அவசரப்படாமல், ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, படித்தவன் வாங்குவது மாதிரி வாங்கப் போகிறேன். பி.ஏ. வரலாறு படித்தவன்தானே நான், இரண்டு பேப்பர் பாக்கி இருந்தாலும்.

8 ஜனவரி, புதன்

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் பெரம்பலூர், மறு பக்கம் அரியலூர். இன்று பெரம்பலூர்.

கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் வந்து, "கேமிங்குக்கா சார், கேமராவுக்கா சார்?" என்றாள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. கேமிங்குக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் நூற்றிருபது ஹெர்ட்ஸ், ஐம்பது மெகாபிக்ஸல், ஆறாயிரம் எம்.ஏ.எச். என்று ஒப்பித்துக்கொண்டே போனாள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அவள் தாழ்ந்த குரலில் பேசுகிற பெண். பாதிக்குமேல் விலை அட்டையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"இதுல சத்தம் எவ்வளவு வரும்மா?" என்று கேட்டேன். அவள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சத்தம் அதில் இல்லை.

"நல்லாவே வரும் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து டைரியில் கட்டம் போட்டேன். பெட்டி நிறத்தை வைத்து நீலம், கறுப்பு, பச்சை, தங்கம் என்று நான்கு போன்கள். பேட்டரி, கேமரா, திரை, ராம், சார்ஜ் ஏறும் வேகம் என்று ஐந்து கட்டங்களும் நிறைந்துவிட்டன. ஆறாவது கட்டத்துக்கு 'சத்தம்' என்று தலைப்பு. அது நான்கு வரிசையிலும் காலி.

11 ஜனவரி, சனி

யூடியூபில் போன் சோதிக்கிற பையன்களை இரண்டு நாளாகப் பார்க்கிறேன். ஒருவன் போனைச் சாவியால் கீறுகிறான், ஒருவன் தண்ணீரில் முக்குகிறான், ஒருவன் இரண்டு கையாலும் பிடித்து வளைக்கிறான். நீலத்துக்குத் தூசி புகாதாம். சோளச் சக்கைக்கு நடுவில் நிற்கிற எனக்கு அது பெரிய விஷயம். பச்சை அரை மணியில் முக்கால் சார்ஜ் ஏறுகிறது. அரை மணி எனக்கு என்ன அவசரம் என்று தெரியவில்லை, ஆனாலும் பச்சைக்கு ஒரு டிக் போட்டேன்.

இவர்கள் எல்லாருமே வாய்க்குள் பேசுகிறார்கள். கீழே எழுத்து ஓடுகிற வீடியோவாகத் தேடிப் பார்க்கிறேன்.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

கோயம்புத்தூரிலிருந்து மகள் இலக்கியா வந்திருக்கிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மூன்று நாள் லீவு.

எங்களிடம் மாடு இல்லை. டிராக்டரையும் சோளம் அடிக்கிற மிஷினையும் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போட்டேன். இலக்கியா வந்து பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்று போய்விட்டாள். அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் டி.வி. தகராறு. "அப்பா, பக்கத்துத் தெருவுக்கும் சேத்தா வெக்கிறீங்க?" என்று ரிமோட்டைப் பிடுங்கிக் குறைத்தாள். டி.வி.யும் பழசாகிவிட்டது, ஸ்பீக்கர் போய்விட்டது என்றேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் பழுதாவது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

20 ஜனவரி, திங்கள்

சீசன் ஆரம்பம். இன்று குன்னம் பக்கம் மூன்று ஏக்கர். மிஷின் வாயில் கதிர் போடுகிறவர் அய்யம்பெருமாள் அண்ணன். பதினெட்டு வருஷமாக நானும் அவரும் ஜோடி. மிஷின் ஓடும்போது பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாகப் போடு. இரண்டு விரலைத் திருகினால் பெல்ட்டைப் பார். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. ஒரு தடவைகூட ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியாமல் போனதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் கலையரசியோடு இந்த அளவுக்குப் புரிதல் வந்ததில்லை.

24 ஜனவரி, வெள்ளி

அரியலூர். குருமூர்த்தியின் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் சின்னக் கடைதான், ஆனால் ஆள் பொறுமைசாலி. நான் கட்டம் போட்ட பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, "அண்ணே, ஆறாவது கட்டத்த நாமளே நெரப்பிருவோம்" என்றார்.

நான்கு போனிலும் சிம் போட்டோம். குருமூர்த்தி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டு, "அண்ணே சாப்டீங்களா, சாம்பாரா ரசமா?" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார். நீலத்தில் கேட்கவில்லை. கறுப்பில் சாம்பார் மட்டும் கேட்டது. பச்சைக்குள் ஈ பறந்தது. தங்கத்தில் ஒலியை முந்நூறு சதவீதம் ஏற்றுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கினேன். நடுவில் நின்ற பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ரசம்னு சொல்லுங்க சார்" என்றார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் தனக்கும் இப்படி ஒரு சோதனை செய்து தரும்படி குருமூர்த்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கத்தை வாங்கினேன். மூன்று வாரம் ஒப்பிட்டு முடிவெடுத்த முதல் ஆள் நான்தான் என்று குருமூர்த்தி சொன்னார். பெருமையாக இருந்தது.

25 ஜனவரி, சனி

புதுப் போனின் மணி அடித்தால் நாய் எழுந்து ஓடுகிறது. வெற்றி.

29 ஜனவரி, புதன், தை அமாவாசை

இலக்கியா கூப்பிட்டாள். கலையரசி கோயிலுக்குப் போயிருந்தாள். பதினோரு நிமிஷம், நாற்பது விநாடி. திரையில் தெரிகிறது.

முந்நூறு சதவீதம் வைத்தும் பிரயோஜனமில்லை. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. மூன்று தடவை "என்னம்மா?" என்றேன். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்த மாதிரி இருந்தது. நான்காவது தடவை கேட்க வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. இங்கே எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. குரல் கடைசியில் ஏறினால் அது கேள்வி, "சரிம்மா" சொல்ல வேண்டும். இறங்கினால் "ம்" போதும். பேச்சு நின்று அமைதி வந்தால் "உன் இஷ்டம்மா". இதிலேயே நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டேன், குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. இன்றைக்கு ஏழெட்டு 'சரிம்மா', இரண்டு 'உன் இஷ்டம்மா'.

வைத்த பிறகு மெசேஜ் வந்தது. "தேங்க்ஸ்ப்பா." பக்கத்தில் ஐந்து இதயங்கள். புதுப் போன் வாங்கியதற்கா? அதற்கு அவள் ஏன் தேங்க்ஸ் சொல்ல வேண்டும்?

டவர் சரியில்லை. நம்பர் மாற்றாமல் வேறு சிம்முக்குப் போகலாமா என்று பார்க்க வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

கலையரசி சாப்பாட்டுத் தட்டை வைத்த வேகத்தில் ரசம் என் வேட்டிக்கு வந்தது. கோபம் வந்தால் அவள் சத்தமாகப் பேசுவாள். அதனால் இன்று ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நான் சாதகத்தத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையிறேன். நீங்க போன்லயே சரின்னுட்டீங்களாமே?"

"எதுக்கு?" என்றேன்.

"நடிக்காதீங்க."

விஷயம் இதுதான். பையன் பெயர் சரத்குமார். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஊர், கொஞ்சம் முந்திரிக் கொல்லை. அப்பா பெயர் கொளஞ்சியப்பன். நம் ஆட்கள் இல்லை. பதினாறாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். இலக்கியா அம்மாவிடம் சொன்ன ஒரே சமாதானம்: "அப்பா சரின்னுட்டாரு."

'கேட்கவில்லை' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? நிமிர்ந்து உட்கார்ந்து, "காலம் மாறிப்போச்சு கலையரசி" என்று ஆரம்பித்தேன். சமத்துவம், பெண்ணின் உரிமை, எல்லாம் வந்தது. பத்து நிமிஷம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல ஒங்களுக்கு?" என்றாள் கலையரசி. அதற்குப் பிறகு பேசவில்லை.

3 பிப்ரவரி

பேசவில்லை.

5 பிப்ரவரி, புதன்

கொஞ்சம் உண்மையாக எழுதிப் பார்க்கிறேன்.

அன்றைக்கு அவள் சொன்னது கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். டீக்கடையில் நான் பேசுவது வேறு. வேண்டாம் என்றிருப்பேன். கத்தியிருப்பேன். அவளை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதைவிட மோசமாகவும் ஏதாவது வாயில் வந்திருக்கும். என் மகள் தன் வாழ்க்கையில் ஒருமுறை பயந்து பயந்து கேட்டதற்கு நல்ல பதில் கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் நான் இல்லை. என் —

காது. சரி, எழுதிவிட்டேன். காது.

போன் இல்லை, டவர் இல்லை, டி.வி. இல்லை, பெரம்பலூர்க் கடைப்பெண்ணின் தாழ்ந்த குரல் இல்லை. நான்கு போனை வரிசையாக வைத்து ஒப்பிட்டேனே, ஒரே காதில் வைத்துத்தானே ஒப்பிட்டேன்? எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூட அது தோன்றியிருக்கும்.

இப்போது தப்பிக்க வழி இருக்கிறது. "அன்னைக்கு எனக்குக் கேக்கலம்மா, அதனால அது சரி இல்ல" என்று சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் செவிடு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. செவிடு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேண்டாம் என்று நினைக்கிற கல்யாணத்தை முடித்துவைக்கப் போகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

6 பிப்ரவரி, வியாழன்

டீ நேரத்தில் அய்யம்பெருமாள் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, எனக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்குற மாதிரி தெரியுதா?"

"ஒனக்குப் போயி நாலு வருஷமாவுது தம்பி. எனக்கு ஆறு வருஷம்" என்றார். "நாம ரெண்டு பேரும் ரகசியம் பேசிக்கிறது குன்னம் வரைக்கும் கேக்குதாம்."

எங்கள் ரகசியங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மீதிக் கதிரை அடிக்கக் கை ஓடவில்லை.

8 பிப்ரவரி, சனி

இலக்கியா திருச்சி வந்து பஸ் மாறிக் காலையில் பெரம்பலூரில் இறங்கினாள். நான் பைக்கில் போயிருந்தேன். வீட்டுக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்ட் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை.

"இலக்கியா, அன்னைக்கு நீ போன்ல பேசுனது எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா. தெரியாமத்தான் சரின்னு சொல்லிட்டேன். காது சரியில்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்படுவாள், எழுந்து போவாள், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, என் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள்.

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஒங்களுக்குக் கேக்காதுன்னு. ரெண்டு வருஷமாவே தெரியும். அதனாலதான் போன்ல சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"நேர்ல சொல்ல பயமா இருந்துச்சுப்பா. பொங்கலுக்கு வந்து நாலு தடவ கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போனேன். ஒங்ககிட்ட ஒரு தடவையாச்சும் வாய்விட்டுச் சொல்லிரணும்னு இருந்துச்சு. கேக்காதுன்னு தெரிஞ்சதாலதான் தைரியமாச் சொல்ல முடிஞ்சுது. நீங்க சரிம்மா, ஒன் இஷ்டம்மான்னு சொன்னப்ப, அது பதில் இல்லன்னு தெரிஞ்சும் ஹாஸ்டல் படிக்கட்டுல ஒக்காந்து அழுதேன்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட நான் சரின்னு சொன்னதா...?"

"நீங்க சொன்னது சரிதானேப்பா?" என்றாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு. உடனே போய்விட்டது.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். என் மகள் என்னிடம் மனசுவிட்டுப் பேச, நான் செவிடாக இருக்க வேண்டியிருந்திருக்கிறது. அப்படி ஒரு அப்பனாகத்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். பேக்கரிக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். சரி என்றேன். இன்னும் இரண்டு பன் வந்தது.

"இப்ப என்னப்பா சொல்றீங்க?"

"எனக்கு மொதல்ல காது கேக்கட்டும்மா" என்றேன்.

10 பிப்ரவரி, திங்கள்

அரியலூரில் காது சோதிக்கிற இடம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பரீட்சை என்றாலே எனக்கு உதறும். முடிந்தவரை நிறைய அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கூண்டைத் திறந்து, "சார், சத்தம் வராதப்பவும் அமுக்குறீங்க" என்று உரக்கச் சொன்னாள்.

"பழக்கம்மா" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். வலது காதில் ஐம்பது டெசிபல் குறைவு, இடதில் அறுபத்தைந்து. மிஷின் பக்கம் இடது காதை வைத்து நிற்பவன் நான். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் அதில்தான் வருமாம். போனது போனதுதான், திரும்பாது. காதில் மெஷின் வைத்தால் மிச்சத்தை வைத்துச் சமாளிக்கலாம், அதைக் காப்பாற்ற வேலை நேரத்தில் காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஒரு மாதமாக நான்கு போனுக்கும் விவரம் எழுதினேன். எனக்கான விவரம் இன்றைக்குத்தான் கையில் வந்தது.

காது மெஷினிலும் பல மாடல் இருந்தது. எத்தனை சானல், புளூடூத் உண்டா, பேட்டரி எத்தனை நாள். கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. "இதுக்கு அடுத்த மாடல் எப்ப வரும்?" என்று கேட்டேன். இலக்கியா சொல்லிக் கூட வந்த கலையரசி பக்கத்தில் இருந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள்.

"இதக் குடுங்கம்மா" என்று அந்தப் பெண்ணிடம் ஒன்றைக் காட்டிச் சொன்னாள்.

வரும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "அப்ப நீங்க சரின்னு சொல்லவே இல்லல்ல? வர்றவங்கள வேணாம்னு சொல்லிரலாம்ல?" என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு ஆசை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வரட்டும், பார்ப்போம் என்றேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

காது மெஷின் மாட்டி இன்று முதல் நாள்.

மின்விசிறி சத்தம் போடுகிறது. என் செருப்பு சத்தம் போடுகிறது. சட்டையை மடித்தால்கூடச் சத்தம் வருகிறது. உலகத்தில் இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் மற்றவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்?

இன்னொன்றும் தெரிந்தது. கலையரசி அமைதியானவள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. காலையிலிருந்து வாய்க்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் என்னைப் பற்றித்தான். "எரும, குளிச்ச துண்ட எங்க போட்டிருக்கு பாரு" என்றாள். திரும்பி நின்று, "கொடியில போடுறேன்" என்றேன். அவள் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அதுவும் நன்றாகக் கேட்டது.

16 பிப்ரவரி, ஞாயிறு

வந்து போனார்கள். கொளஞ்சியப்பன், அவர் மனைவி, சரத்குமார், ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பு.

எப்படியாவது பையனிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் கட்டம்கூடப் போட்டேன். உயரம், சம்பாத்தியம், பழக்கம், மரியாதை. அந்தப் பக்க வரிசையில் கலையரசியின் தம்பி சின்னதுரை கொண்டுவந்த ஜாதகத்து மாப்பிள்ளை. நாற்பத்தொன்பது வயதுக்குமேல் புத்தி எங்கிருந்து வரும்?

பையன் என் காதில் இருந்ததைப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் பேசினான். கத்தவில்லை. எனக்குச் சில இடத்தில் விட்டுப்போனபோது "என்ன தம்பி?" என்றேன். சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொன்னான். வீட்டில் ஆட்கள் இருக்கும்போது நான் "என்ன?" என்று கேட்டு எத்தனை வருஷமாகிறது.

உள்ளே இலக்கியா அவன் அம்மாவோடு பேசுவது கேட்டது. அவள் குரல் மாறியிருக்கிறது. என் ஞாபகத்தில் இருந்தது பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் குரல். இது ஒரு பெரிய பெண்ணின் குரல், அடியில் லேசான கரகரப்பு. எப்போது இப்படி ஆனது? யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் முந்திரியைக் கொறித்துக்கொண்டு தப்பாக நினைத்திருப்பார்கள்.

கொளஞ்சியப்பன் போகும்போது, "நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். சொல்கிறோம் என்றேன். இலக்கியா கதவோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முந்திரிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சின்னதுரை வந்து ஒரு மணி நேரம் சத்தம் போட்டான். மானம், சொந்தபந்தம், ஊர் என்ன சொல்லும். முதல் ஐந்து நிமிஷம் கேட்டேன். எனக்குள் இருப்பதைத்தான் அவன் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தான், அதனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு மெஷினையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த வசதி எந்தப் போனிலும் இல்லை.

26 பிப்ரவரி, புதன்

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கலையரசி சொன்னாள்: "மொகத்தப் பாத்துப் பேசுறான் அந்தப் பையன்." என்னிடம் சொல்லவில்லை. அரிவாள்மனையிடம் சொன்னாள். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

2 மார்ச், ஞாயிறு

இலக்கியாவை நானே கூப்பிட்டேன். புளூடூத்தில் போனும் காது மெஷினும் சேர்ந்துகொண்டன. அவள் குரல் தலைக்குள் வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அன்னைக்குப் பதினோரு நிமிஷம் பேசுனியேம்மா. அத மறுபடி சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

ஹாஸ்டலில் யாரோ வாளியை இழுப்பது கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை இருபத்துநான்கு நிமிஷம். நடுவில் நான் "ம்" கூடப் போடவில்லை. சரத்குமார் வீட்டில் அவனோடு இதற்காக நான்கு மாதம் பேசாமல் இருந்தார்களாம். இவள் மூன்று தடவை வேண்டாம் என்று விலகிப் போயிருக்கிறாள். எனக்குப் பயந்து. விட்டுப்போன இடத்தில் எல்லாம் "என்னம்மா, மறுபடி சொல்லு" என்றேன். சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"கடைசியா ஒண்ணு சொன்னேன்ப்பா."

"சொல்லு."

"அப்பாவுக்குப் புடிக்கலன்னா சொல்லிருங்க, நான் அவர மறந்துடுறேன், இதப் பத்தி இனிமே பேசவே மாட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"சரிம்மான்னு சொன்னீங்க."

அவள் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அதுக்கு மட்டும் சரி இல்லம்மா" என்றேன். "மத்ததுக்கெல்லாம் சரி."

"என்னப்பா?" என்றாள். அழுதுகொண்டிருந்தாள், கேட்டிருக்காது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். சமையற்கட்டில் கலையரசிக்கும் கேட்டிருக்கும்.